எஞ்சினுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

சூடான இரும்பில் விளக்கெண்ணெய் காந்தும்போது ஒரு வாசனை வரும், அடிப்பிடித்த வெல்லப்பாகில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்தது போல, இனிப்பாகவும் குமட்டலாகவும். பழைய மோட்டார் சைக்கிள்களின் மேல் பித்துப் பிடித்தவர்கள் அந்த வாசனையைக் கண்ணை மூடி ரசிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு எரிச்சல்தான் வரும். என் அக்காவின் படிப்பு நின்றுபோன வாசனை அது.

நாங்கள் நெசவுக்காரர்கள். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. வாசலில் நின்றால் மலைக்கோயில் தெரியும், ஆனால் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்குள் போய்ச்சேர நல்ல தூரம் நடக்க வேண்டும். அக்கா சுசீலாவால் நடக்க முடியாது. இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனவள் அவள். பஸ் படியில் ஏற அவளுக்கு ஆகும் நேரத்தை எந்தக் கண்டக்டரும் கொடுத்ததில்லை. அதனால் எங்கள் அப்பா, நாங்கள் ‘நைனா’ என்று கூப்பிட்டவர், அரக்கோணத்தில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ‘சட்டைக்காரர்’, அதாவது ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்ற இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை வாங்கிவந்தார். தெருவே சிரித்தது. “தறிக்காரனுக்குத் தொர வண்டி கேக்குது பாரு” என்றார்கள். நைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் அக்காவைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்து, அவள் காலைத் துணியால் கம்பியோடு தளரக் கட்டி, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அப்போது பள்ளிப்படிப்பின் கடைசியாக இருந்த பதினொன்றாம் வகுப்பை முடித்து டீச்சர் டிரெயினிங் போவது அக்காவின் ஆசை. வீட்டில் வேறு யாருக்கும் அப்படி ஒரு ஆசை இருந்ததில்லை, எனக்கும் கிடையாது.

வண்டியை விற்ற டிரைவர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். “ஐம்பதாம் நம்பர் ஆயில் மட்டும்தான் மேன். வேற எது ஊத்தினாலும் எஞ்சின் காலி.” நைனாவுக்கு அது தெய்வ வாக்கு. அந்த வண்டியில் ஆயிலுக்கு சீட்டுக்கு அடியில் தனி டேங்க் உண்டு. ஆயில் எங்கெங்கோ கசிந்துகொண்டே இருக்கும், நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியைத் திறந்து குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்புவார். தறியில் அறுந்த இழையைப் பிடிப்பது போல அவ்வளவு கவனமாக அதைச் செய்வார்.

அக்கா கடைசி வகுப்பில் இருந்த வருடம் ஆயிலுக்குத் தட்டுப்பாடு வந்தது. திருத்தணிக் கடைகளில் ஐம்பதாம் நம்பர் என்று கேட்டால் கையை விரித்தார்கள். கிடைத்ததும் பெரும்பாலும் லாரியில் வடித்த கருப்பு ஆயிலைக் காய்ச்சி வடிகட்டி டப்பாவில் அடைத்தது. விற்றவர்கள் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்து கூச்சமில்லாமல் விற்றார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த எங்கள் மாமா, ஒரு டின்னோடு வந்து இறங்கினார். அக்கா புருஷனான நைனாவை அவர் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவார்.

“இப்ப புது ஆயில் வந்துகீது பாவா. வெயிலுக்கும் இதான், குளிருக்கும் இதான். எல்லா வண்டிக்கும் இதத்தான் ஊத்திகினு இருக்கோம்.”

நைனா ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். “இன்னாடா இது, தண்ணியாட்டம் கீது. எஞ்சின் தாங்குமா?”

“கெட்டியாத்தான் வோணும்னா வெளக்கெண்ணெ ஊத்து போ. சோழவரத்துல ரேஸ் வுடுறவனுங்க அதான் ஊத்துறானுங்களாம்.”

மாமா பாதி கேலியாகத்தான் சொன்னார். நைனாவுக்குக் கேலி புரியாது. சமையற்கட்டுக்குப் போய், அடுப்போரம் இருந்த விளக்கெண்ணெய் சீசாவை எடுத்து அதே விரல்களில் தேய்த்துப் பார்த்தார். எங்கள் வயல் வரப்பில் விளைந்த ஆமணக்கிலிருந்து அம்மா காய்ச்சிய எண்ணெய் அது. சாயங்காலம்தோறும் அதை வெதுவெதுப்பாக்கி அக்காவின் காலில் தேய்த்து நீவிவிடுவாள்.

“அது பொண்ணு காலுக்கு வெச்சிருக்கிறது” என்றாள் அம்மா.

“காலுக்குத் தேச்சு இன்னா ஆச்சு? வண்டிதான் அவளுக்குக் காலு” என்றார் நைனா.

நைனா டேங்கில் இருந்த பழைய ஆயிலின் மேலேயே விளக்கெண்ணெயை ஊற்றி நிரப்பினார்.

முதல் சில நாட்கள் வண்டி முன்னைவிட நன்றாகவே ஓடியது. புகையில் அந்த வாசனை வந்தது. “இன்னாப்பா, அதிரசம் சுட்டுகினே ஓட்டுறியா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். நைனா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அரசாங்கப் பரீட்சை தொடங்கிய காலையில், வழியில் ஆளில்லாத இடத்தில், எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றுபோனது. இருவரும் மண்ணில் விழுந்தார்கள். பெரிய அடி இல்லை. அந்த இரண்டு எண்ணெய்களும் ஒன்றோடு ஒன்று சேராது; சூட்டில் திரிந்து கோந்து மாதிரி ஆகி ஆயில் போகும் வழியை எல்லாம் அடைத்துவிட்டிருந்தது. இது அப்போது நைனாவுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. கடைசியில் ஒரு மாட்டுவண்டியில் ஏறி அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். திறக்க மாட்டேன் என்றார்கள்.

மறுநாள் பரீட்சைக்காவது ஒரு வண்டி பேசியிருக்கலாம். நைனா விடிந்ததும் மோட்டார் சைக்கிளை வாசலில் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “ஒண்ணு போனா எல்லாம் போச்சு. செப்டம்பர்ல சேத்து எழுதிக்கட்டும், அதுக்குள்ள வண்டி ஆயிடும்” என்றார். சேதி கேட்டு மாமா மெட்ராஸிலிருந்து வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பேச்சு, எந்த எண்ணெயால் கெட்டது என்று.

“பழச முழுசா வடிச்சிட்டு ஊத்தியிருக்கணும் பாவா.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா இருந்துது?”

“நான் எடுத்துகினு வந்தத ஊத்தியிருந்தா இந்த வம்பே இல்ல.”

“உன் தண்ணி ஆயில ஊத்தியிருந்தா அப்பவே செத்துருக்கும்.”

பரீட்சைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. இவர்கள் கறுத்த பிசினைக் குச்சியில் எடுத்து மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா ஒருநாள் வாசலுக்கு வந்து நின்றாள். “எண்ணெயப் பத்திப் பேசினது போதும். பொண்ணு இன்னா பண்றான்னு உங்கள்ல ஒருத்தர் உள்ள வந்து பாத்தீங்களா?” என்றாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா உள்ளே போனதும் மறுபடி தொடங்கினார்கள்.

இங்கிலாந்து வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. செப்டம்பர் வந்து போனது. அக்கா தார் சுற்ற உட்கார்ந்தாள்; தறிக்கு வேண்டிய நூலை இராட்டினத்தில் சின்னச் சின்னக் குழலாகச் சுற்றும் வேலை, கால் வேண்டாத வேலை. பழைய இரும்பு வாங்குபவன் வந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கிப்போனபோது அவள் தலை நிமிரவில்லை.

நைனாவைத் திட்டுவதில் எனக்கு இன்றும் தயக்கம் இல்லை. ஆனால் கால் விளங்காத பெண்ணை அவ்வளவு தூரம் படிக்கக் கூட்டிப்போன ஆள் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். அதனால்தான் இந்தக் கோபம் தீரமாட்டேன் என்கிறது. எதுவுமே செய்யாத மனிதன்மேல் இவ்வளவு கோபம் எதற்கு வரப்போகிறது?

நைனா, அம்மா, மாமா மூவரும் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் தறிச் சத்தம் இல்லை. ஷேர் ஆட்டோ வாசலுக்கே வருகிறது, கைதட்டினால் நிற்கிறது. பழைய வண்டிகளைச் சரிசெய்யும் மெக்கானிக் ஒருவரைப் போன வருடம் சென்னையில் பார்த்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். விளக்கெண்ணெய் மட்டும் ஊற்றியிருந்தாலும் பரீட்சை முடியும்வரை ஓடியிருக்கும், பழைய ஆயில் மட்டும் இருந்திருந்தாலும் ஓடியிருக்கும், கலந்ததுதான் கெடுத்தது என்றார். ஏதோ வழக்கில் தீர்ப்பு வந்தது போல அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் முறத்தில் அவரைக்காயை வைத்துக்கொண்டு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனுக்கு எண்ணெயப் பத்தி இன்னாடி தெரியும்” என்றாள். “வண்டி நின்னப்புறம் ஒரு கரும்பு லாரி போச்சு. பின்னாலயே ஒரு ஜீப்பு போச்சு. நைனா குந்திகினு எஞ்சினையே பாத்துகினு இருந்தாரு. கை காட்டியிருந்தா நின்னுருப்பானுங்க. அப்பவும் நேரம் இருந்துது.”

“நீ காட்டியிருக்கலாமேக்கா?”

“கையத் தூக்கினேன். நைனா என்னப் பாத்தாரு. அவர் மனசு நோவும்னு இறக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.