தண்ணீர் தெளித்த விறகு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பத்து வரை எண்ணிவிட்டுப் பேசு என்று வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். மூன்றைத் தாண்டுவதற்குள் என் வாய் திறந்துவிடும். இந்த வாயை வைத்துக்கொண்டு சிறு தொழில் நடத்துகிறவர்களிடம் போய், புகையைக் குறையுங்கள், காற்றில் கரியமில வாயு கூடாத நெட் ஜீரோ நிலைக்கு வழி பாருங்கள் என்று பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் எனக்கு வாய்த்த வேலை. குன்னூரைச் சுற்றி எத்தனையோ பேக்கரி, லாட்ஜ், சலவைக் கடைகளுக்குப் போயிருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டது ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில்தான்.

சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி அது. தூளில் பெரும்பகுதியை ஒரே கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் விறகைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் தூள் வாங்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். ஓனருக்கு என் வயதுதான் இருக்கும். கடிதத்தை என்னிடம் நீட்டும்போது முகம் வெளிறியிருந்தது.

"இவங்க போயிட்டா ஒரு ஷிப்டை நிறுத்தோணுங்க மேடம். இருவது குடும்பம். அவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். யோசிக்காமல் கொடுத்த வாக்கு அது.

தூளை உலர்த்தச் சூடான காற்று வேண்டும். அதற்காக ஒரு பெரிய அடுப்பு காலையிலிருந்து எரியும். விறகு, கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் கட்டைகள். வெட்டினால் மறுபடி வளருமே என்று கேட்பார்கள். வளரும், நாம் எரிக்கிற வேகத்துக்கு வளராது. அந்த ஃபேக்டரியில் கட்டைகள் வெளியே பனியிலும் தூறலிலும் கிடந்தன. நல்ல கூரை போட்ட ஷெட்டிலோ துருப்பிடித்த பழைய மெஷின்கள் சொகுசாகக் குடியிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரக் கட்டையை எரித்தால் பாதிச் சூடு அந்த ஈரத்தைக் கொதிக்க வைக்கவே போய்விடும். மெஷின்களைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு, கட்டைகளைப் பிளந்து ஷெட்டில் காற்றோட்டமாக அடுக்க வைத்தேன். மூன்று மாதத்தில் கட்டைகள் நன்றாகக் காய்ந்துவிட்டன. ஓனர் அறையில் கலர் கலராகப் படம் போட்டு, இனிமேல் விறகு எவ்வளவு குறையும் என்று விளக்கினேன்.

குறையவில்லை. முன்பு வாரம் ஒரு லாரி வந்தது, இப்போதும் வாரம் ஒரு லாரிதான். மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஓனர் போனில் லாரிக் கணக்கை மட்டும் படித்துவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போய் இறங்கி, நேராக அடுப்படிக்குப் போனேன். அங்கே இருபது வருடமாக அடுப்பைக் கவனித்துக்கொள்ளும் பயர்மேன் அண்ணன், காய்ந்த கட்டைகளுக்கு முன்னால் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். காலையில் வாசல் தெளிப்பதுபோல நிதானமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அட கடவுளே! என்னண்ணா பண்றீங்க? மூணு மாசம் காய வெச்ச கட்டைங்க அது!" என்று கத்தினேன். ஒன்றுகூட எண்ணவில்லை.

அவர் பதறவில்லை. "ஏனுங்கம்மிணி, காலங்காத்தால இப்பிடிக் கத்தறீங்க? காஞ்ச கட்டை குபீர்னு புடிச்சுக்குமுங்க. கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் நின்னு எரியும்."

அப்புறம் அவரே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காய்ந்த கட்டையைப் போட்டதில் சூடு ஏறித் தூள் முழுக்கக் கருகிவிட்டதாம். அன்றைய மேனேஜர் கருகிய தூளை ஒரு தட்டில் கொட்டி, அவர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் முன்னால் மதியம் வரை நிற்க வைத்தாராம். அன்றிலிருந்து இந்த வாளி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓனரிடம் பேசினேன், படம் காட்டினேன். கட்டையைத் தொடுகிற மனுஷனிடம் இந்த மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனை போகிற பாதையை விட்டுவிட்டுப் பூனைக்கு வேலி போட்டிருக்கிறேன்.

"இனிமே தண்ணி வேண்டாங்கண்ணா. கட்டையைக் கொறச்சுப் போட்டு, அடுப்புக்குக் காத்துப் போற கதவைப் பாதி மூடிப் பாப்போம்."

"கருகிப் போச்சுன்னா?"

"தட்டை நான் புடிக்கறேன்."

ஓனரிடம் கேட்டேன். ஒரு நாள் தூள் போனால் போகட்டும் என்றார். வாளிக்கு முன்னால் நான் நின்றுகொண்டேன். அண்ணன் அரை மனதோடு கட்டைகளைப் போட்டார். அவர் சொன்னது சரிதான், நெருப்பு குபீரென்று பிடித்தது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பாதி மூடியிருந்த காற்றுக் கதவை முழுக்க மூட ஓடினோம், அதற்குள் கருகல் வாசம் வந்துவிட்டது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. டீ நேரத்தில் கருகிய தூளைத் தட்டில் அள்ளிக்கொண்டு, இருபது பேருக்கும் முன்னால் போய் நின்றேன். "இது என் தப்பு. அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றேன். தூள் சலிக்கிற ஓர் அக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காதெல்லாம் சுட்டது. ஆனாலும் டீ நேரம் முடியும் வரை நகரவில்லை. அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கட்டைகளைக் கை மொத்தத்துக்குச் சன்னமாகப் பிளந்து வைத்திருந்தார். இரண்டிரண்டாகப் போட்டார். கதவை அரை விரல் மூடுவார், முள்ளைப் பார்ப்பார், மறுபடி கால் விரல் திறப்பார். என்னை ஒன்றும் தொட விடவில்லை. "நீங்க அக்கட்டால நில்லுங்கம்மிணி, புகை கண்ணுல படும்." அன்று முள் கோட்டுக்குள்ளேயே நின்றது. அடுத்த பத்து நாளும் விடாமல் முதல் பஸ்ஸில் போனேன். ஒரு லாரி விறகு ஏறக்குறைய இரண்டு வாரம் வந்தது.

முதல் மழை விழுந்த வாரத்தில் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். விறகு எப்படிக் குறைந்தது என்று கேட்டார். அண்ணன் இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிக் காட்டினார், நன்றாகக் காய்ந்த கட்டைக்கே வரும் டங்கென்ற சத்தம் வந்தது. கம்பெனி ஆள் தூள் வாங்குவதைத் தொடர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஷிப்ட் நிற்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது அண்ணன் அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நெட் ஜீரோவுக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும், அடுத்து இலை வாட்டுகிற ஃபேன்களை மாற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"பாக்கலாமுங்க" என்றார். "ஆனா தப்பாப் போச்சுன்னா இந்தவாட்டி தட்டை நான் புடிக்கறேன். அன்னைக்கு உங்க காதெல்லாம் செவந்து போச்சுங்கம்மிணி."