லஸ்ஹர் போட்ட அறுபத்து நான்கு ஜிபி

உலகத்தையே மடித்து உள்ளே தள்ளினாலும், லஸ்ஹர் போட்ட ஸ்வாப்பில் ஓரமாகக் கொஞ்சம் இடம் மிஞ்சும். அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகருக்கு வெளியே, ஆலிவ் எண்ணெய் ஆலையில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் அவன். கல்லூரியைப் பாதியில் விட்டு, மிச்சத்தை இன்டர்நெட் கடையில் படித்தவன். முதலாளியின் இருமலைப் பதிந்து எடைக் கணினியின் பிழை ஒலியாக வைத்ததுதான் அதுவரை அவனுடைய பெரிய சாதனை.

சர்வரின் நினைவகம் எட்டு ஜிபி. அது நிறைந்தால் மிச்சத்தை வன்வட்டில் இறக்கி வைக்கும் இடம்தான் ஸ்வாப்; நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. நாலு போதும் என்றார்கள் தெரிந்தவர்கள். அவன் அறுபத்து நான்கு போட்டான். முன்பெல்லாம் இடம் போதாமல் சர்வர் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். இப்போது எதுவும் சாவதில்லை.

டிசம்பரில் ஒரு காலை, எதுவும் சாகாமலே எல்லாம் நின்றது. எடைச்சீட்டு வர இருபது நிமிடம். சீட்டில்லாமல் அரைவைக்கு மூட்டை ஏறாது. பழைய வட்டு மட்டும் ஓயாமல் கடகடத்தது. வண்டிகள் சாலைவரை நின்றன.

அப்பா விட்டுப்போன தோப்பைத் தனியாளாகப் பார்க்கும் வசீலா உள்ளே வந்தாள். அவளுடைய காய்கள் முந்தாநாள் பறித்தவை. மூட்டைக்குள் கைவிட்டால் சூடு. சாயங்காலம்வரை கிடந்தால் எண்ணெய் புளித்து, வருஷ உழைப்பு சோப்புக்காரனுக்குப் போகும்.

"என்ன லஸ்ஹர், கழுதை படுத்துடுச்சா?"

"படுக்கல. யோசிக்குது."

"அது யோசிக்கிறதுக்குள்ள என் காய் வெந்துடும். அணைச்சுப் போடேன்."

"அணைச்சா காலையில போட்ட எடையெல்லாம் போயிடும். வெளிய நிக்கிறவங்க என்னை அரைச்சு எண்ணெய் எடுப்பாங்க."

"உன்கிட்ட எங்க எண்ணெய் இருக்கு? வாய்தான்."

அவன் உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போய் அவள் மூட்டையைத் தொட்டுப் பார்த்துத் திரும்பினான். தட்டிய எழுத்துகள் அப்போதும் திரைக்கு வந்து சேரவில்லை. ஸ்வாப்பை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்றுதான் கேட்டிருந்தான்.

பதில் வந்தது. முதல் வரியே அறுபத்தோரு ஜிபி. ஓட்டுபவர்: லஸ்ஹர். நிரலின் பெயர்: வசீலா.

அறுவடை தொடங்கியபோது எழுதி, மறந்தே போனது. வாசல் கேமராவில் அவளுடைய நீல வண்டி தெரிந்தால் திரை மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னும். அவ்வளவுதான். ஆனால் பார்த்த படம் எதையும் அது கீழே போடவே இல்லை. நாலு ஜிபி ஸ்வாப்பாக இருந்தால் முதல் வாரமே செத்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

வசீலா குனிந்து படித்தாள்.

"இது என்னது?"

"அது... சும்மா, ஒரு பேரு."

"முதல்ல அதை நிறுத்து. காய் அரைபடட்டும். அப்புறம் கேக்கறேன்."

பெயரைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். லத்தீன் எழுத்தில் ஏழு. ஒவ்வொன்றாக, ஆற அமர, அவை திரையில் வந்து நின்றன. அவள் நகரவில்லை.