இடது கன்னத்து மங்கும் லேடீஸ் சீட்டும்

என் புரொஃபைல் படத்தில் ஏன் எப்போதும் வலது கன்னம் மட்டும் தெரிகிறது என்று கேட்டவர்களுக்கு: இடது கன்னத்தில் திட்டுத் திட்டாய் மங்கு விழுந்திருக்கிறது.

டாக்டர் ஒரு டியூப் கொடுத்திருக்கிறார். ராத்திரி மட்டும், கறுத்த இடத்தில் மட்டும், மெல்லிசாகத் தடவ வேண்டும். எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அவர் சொன்ன காலத்துக்கு மேல் தொடவே கூடாது. பகலில் முகத்தில் வெயில் பட்டால் தடவியதெல்லாம் வீண்.

வெயிலுக்குத் தப்பி எங்கே போக? காலையில் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும் பஸ்ஸின் இடது பக்கம்தான் வெயில். லேடீஸ் சீட்டும் அதே பக்கம்தான்.

இன்று காலை துணிந்து வலது பக்கம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விடவில்லை.

“லேடீஸ் சீட்டு அங்கன காலியாத்தான கிடக்கு, எந்திரிங்கக்கா.”

தினமும் எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் வரும் பாக்கியம் அக்கா கூப்பிட்டார்.

“ஏட்டி, எம் பக்கத்துல வந்து உக்காரு. வெயில நான் வாங்கிக்கிடுதேன்.”

உட்கார்ந்து டியூப் கதையைச் சொன்னேன்.

“எனக்கும் கொஞ்சம் தாயேன், மூஞ்சி பூரா தேச்சுச் செவந்துக்கிடுதேன்” என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“இது செவப்பாக்குற கிரீம் இல்லக்கா, மருந்து. டாக்டர் பாத்துத்தான் தரணும்” என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். பவுடருக்கு அடியில், அவர் இடது கன்னத்தில் என்னுடையதைவிடப் பெரிய மங்கு. இத்தனை நாளாக அவருடைய பின்கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை அக்காவையும் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

கயத்தாறு பஸ்ஸில் தினமும் போகும் பெண்களே, கண்ணாடியைப் பார்த்துவிட்டு எந்தக் கன்னத்தில் மங்கு என்று சொல்லுங்கள். கண்டக்டரிடம் காட்ட வேண்டியிருக்கிறது.