வெக்ஸ்போர்ட்டில் ஒரு போஸ்ரன் விதவை

செவ்வாய்க்கிழமை, காலை 7.10. ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து புறப்படும்போதே என்னிடம் ஒரு கெட்ட எண்ணம் இருந்தது. அதை மறைத்துவிட்டு மேப்பிள் இலைகளின் சிவப்பைப் பற்றி எழுதினால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். வெக்ஸ்போர்ட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் படிப்பிக்கிற என் சிநேகிதி சுகந்தியின் வகுப்பைப் பார்க்கப் போனேன். அவள் ஒழுங்காகப் படிப்பிப்பதில்லை என்று என் கண்ணால் கண்டுவிட்டால் நிம்மதியாக யாழ்ப்பாணம் திரும்பலாம். அதுதான் எண்ணம்.

பல்கலைக்கழகத்தில் நானும் அவளும் சரித்திரத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தோம். பட்டத்தில் எனக்கு முதலாம் வகுப்புச் சித்தி, அவளுக்கு இரண்டாம் வகுப்பு. என் கொப்பிகளை வாங்கிப் பார்த்தெழுதித்தான் அந்த இரண்டாம் வகுப்பும் வந்தது. பிறகு அவள் கனடாவுக்குப் போனாள். தம்பி எனக்கும் குடிவரவுப் பத்திரங்கள் அனுப்பினான், நான் நிரப்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவர மனமில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். முப்பது வருடமாக ஒரே பெண்கள் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இப்போது தம்பியின் மகளின் கலியாணத்துக்காக இரண்டு கிழமை லீவில் ரொறன்ரோ வந்திருக்கிறேன். கலியாண மண்டபத்தில் ஆளாளுக்கு "சுகந்தி ரீச்சர், சுகந்தி ரீச்சர்" என்று அவளைச் சூழ்ந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

7.30. தம்பி லோறன்ஸ் வீதியில் இறக்கிவிட்டான். 54ஆம் இலக்க பஸ். காசாகக் கொடுத்தால் 3 டொலர் 35 சதம். எங்கள் காசில் எழுநூறு ரூபாவுக்கு மேல். மேற்கே நேர்கோட்டில் ஏறத்தாழ பதின்மூன்று கிலோமீற்றர் ஓடுகிறது. வளைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையில் நேர்ஸ் உடுப்போடு ஒரு தமிழ்ப் பெண் இருந்தார்.

"அக்கா, ஊரிலயிருந்தோ வந்தனீங்கள்?"

"ஓம். எப்பிடித் தெரிஞ்சது?"

"ஒக்ரோபர் குளிருக்கே மூண்டு சுவெற்றர் போட்டிருக்கிறியள்." சிரித்துவிட்டு, எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "ஐயோ, சுகந்தி மிஸ்ஸிட்டயோ! என்ர மூத்தவள் அவவிட்டத்தான் படிச்சவள். அந்த வருசம் முழுக்க வீட்டில சாப்பாட்டு மேசையில நிண்டு, அரசன்ர வரியைக் கட்டமாட்டன் எண்டு எங்களோட சண்டை."

பஸ்ஸிலும் விடமாட்டார்கள் போலிருந்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

8.25. பள்ளிக்கூடக் கந்தோரில் பெயரெழுதிக் கையெழுத்து வைத்தபின், நெஞ்சில் ஒட்டிக்கொள்ள விருந்தினர் என்று ஒரு ஸ்ரிக்கர் தந்தார்கள். சுகந்தி ஜீன்ஸும் சப்பாத்துமாக ஓடி வந்தாள்.

"எடி, வந்திட்டியா! நீ வரமாட்டாய் எண்டுதான் நினைச்சனான்."

"வராமல் விடுவனே? உன்ர கெட்டித்தனத்தைப் பார்க்கத்தானே வந்தனான்," என்றேன். கெட்டித்தனம் என்ற சொல்லை அழுத்தினேன். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அவளோடு இதுதான் கரைச்சல்.

கனடாவில் இருந்துகொண்டு அமெரிக்கச் சரித்திரமா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். பதினோராம் வகுப்பில் விரும்பியவர்கள் எடுக்கிற பாடம் என்றாள். எங்கள் பதினோராம் வகுப்பிலும் அமெரிக்க சுதந்திரப் போர் உண்டு. நான் அதை இரண்டு பாடவேளையில் முடிப்பேன். காரணங்கள் ஆறு, விளைவுகள் ஐந்து, கொப்பியில் எழுது, பாடமாக்கு. இவள் குடியேற்ற காலத்திலிருந்து தொடங்கி ஆறு கிழமை எடுக்கிறாள். ஆறு கிழமை!

8.50. வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். மேசைகள் வரிசையாக இல்லை, வட்டமாகக் கிடந்தன. அவளுடைய முறை இதுதான்: முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை கொடுப்பாள். அதில் அந்தக் காலத்துப் போஸ்ரன் நகரத்து ஆள் ஒருவர் இருப்பார். அச்சுக்கூடக்காரர், மீன்பிடிகாரர், ஒரு வீட்டில் அடிமையாக இருப்பவர், இப்படி. ஆறு கிழமையும் அந்தப் பிள்ளை அந்த ஆளாகத்தான் பேச வேண்டும். ஒரேயொரு சட்டம். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. யாராவது பின்னால் நடக்கப்போவதைச் சொல்லிவிட்டால், அது இன்னும் நடக்கவில்லை என்று முழு வகுப்பும் மேசையில் தட்டி "நொட் யெற்!" எனக் கத்தும்.

இது என்ன விளையாட்டுப் பள்ளிக்கூடமா என்று நினைத்தேன். நினைத்து முடிய முன் என் கையிலும் ஓர் அட்டை இருந்தது.

துணிக்கடைக்காரர் ஒருவரின் விதவை நான். அரசனுக்கு விசுவாசமானவள். பிரித்தானியப் படை போஸ்ரனைக் கைவிட்டுக் கப்பலேறுகிறது. விசுவாசிகளும் விரும்பினால் அதே கப்பலில் கனடாப் பக்கம், ஹலிஃபக்ஸுக்குப் போகலாம். போவதா, நிற்பதா? வட்டத்தில் ஒவ்வொருவரும் எழும்பித் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

என் முறை வந்தது. எனக்குள் இருந்த முதலாம் வகுப்புச் சித்தி எழும்பி நின்றது. "நான் நிற்கிறேன். ஏனென்றால் பிரான்ஸ் குடியேற்றங்களுக்கு உதவி செய்யும், பிரித்தானியா தோற்கும், பாரிஸ் உடன்படிக்கையில்..."

மேசைகள் அதிர்ந்தன. "நொட் யெற்!"

மூக்கறுபட்டு நின்றேன். மீண்டும் தொடங்கினேன். மீண்டும் வாயில் வந்தது விளைவுகள்தான். மூன்றாவது விளைவில் மறுபடியும் தட்டினார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். முப்பது வருடமாகப் போர் எப்படி முடியும் என்று தெரிந்துகொண்டே படிப்பித்தவளுக்கு, முடிவு தெரியாதவளாக ஒரு நிமிடம் நிற்கத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது தண்ணிபட்ட பாடு. அடிமையாக இருக்கிற ஒருவனின் அட்டையை வைத்திருந்த பெண், கப்பலில் ஏறினால் தனக்கு விடுதலையா அல்லது வேறு எஜமானா என்று தெரியவில்லை என்றாள். அதில் நடிப்பில்லை. வயிறு எரிந்தது எனக்கு. என் பிள்ளைகளில் ஒருத்தி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு நேரே அபி என்று ஒரு பெண் இருந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவளுடைய அட்டையில் கப்பலேறப் போகிற பக்கத்துக் கடைக்காரி. நான் தடுமாறுவதைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"உங்கட ஃபமிலி எல்லாரும் கப்பல்ல ஏறீற்றினம். யூ ஆர் அலோன். ஏன் நிக்கிறீங்கள்?"

"என்ர கடை இருக்கு. என்னை நம்பிச் சனம் வருது. அதுகளை விட்டிட்டு எப்பிடிப் போறது?" இது எனக்குப் பாடமான பதில். தடங்கலில்லாமல் வந்தது.

"பட், அவை வேற கடைக்குப் போவினம்தானே?"

பிள்ளை பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். இருபத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் சுகந்தி நின்றாள்.

"இஞ்ச என்னைத் தெரியாத ஆளில்லை," என்றேன். "இந்த ஊரில நான்தான் முதல் ஆள். அங்க போய் இறங்கினா நான் ஆர்? ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குப் பயம். சனத்துக்காக இல்லை."

ஒருவரும் மேசையில் தட்டவில்லை. அபி தலையாட்டிவிட்டுத் தன் குறிப்பில் ஏதோ எழுதினாள். மற்றப் பிள்ளைகளுக்கு அபி ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, நான் சுகந்தியைப் பார்க்காமல் இருந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். போஸ்ரன் விதவைக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமில்லை.

12.15. மதிய இடைவேளையில் லோறன்ஸ் வீதியில் ஒரு லெபனான் கடைக்குக் கூட்டிப்போனாள். ஃபலாஃபல் என்கிற கடலை வடையைச் சுற்றிய ரொட்டி இரண்டு வாங்கி, யன்னலோரம் இருந்தோம். அவள் ரொட்டியைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்தாள்.

"எடி," என்றாள் பிறகு. "நான் இஞ்ச வந்து முதல் ஆறு வருசம் டோனற் கடையில வேலைக்கு நிண்டனான். பெயர்கூட ஒருத்தரும் கேக்கேல்லை. நாப்பது வயசிலதான் திரும்பப் படிக்கப் போனனான். வகுப்பில எனக்குத்தான் ஒண்டும் தெரியாது. எல்லாத்துக்கும் கையை உயர்த்திக் கேட்டன். ஒண்டும் தெரியாமல் நிக்கிறதில வெக்கம் இல்லாமப் போட்டுது. அப்பதான் இந்த அட்டை யோசனை வந்தது."

இதைக் கேட்டால் என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவளுடைய சம்பளத்திலும் வீட்டிலும் பொறாமைப்பட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அந்த டோனற் கடை ஆறு வருடத்திலும் பொறாமையாக இருந்தது. "உனக்குக் குடுத்துவைச்சிருக்கு," என்று வாய்விட்டே சொன்னேன். "எனக்கு எரியுது."

"தெரியும்," என்றாள் சுகந்தி. "கலியாண வீட்டில உன்ர முகத்தைப் பார்த்தனான்." என் தட்டில் ஊறுகாய்த் துண்டு ஒன்றை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை பறந்தேன். இடையில் ஒரு விமானம் மாறி, கட்டுநாயக்கா விமான நிலையம் வந்து, அங்கிருந்து யாழ்ப்பாண பஸ். புதன்கிழமை காலை 7.50க்குப் பதினோராம் வகுப்புக்குள் போனேன். நாற்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் எழும்பி வணக்கம் சொன்னார்கள். வரிசை பிசகாத மேசைகள், உறை போட்ட கொப்பிகள். கரும்பலகையில் போன பாடத்தின் ஆறு காரணங்கள் அப்படியே இருந்தன. எனக்குப் பதிலாக வந்த ஆசிரியை என் குறிப்பைத்தான் எழுதிப்போட்டிருந்தார்.

அன்று விளைவுகள் ஐந்தும் சொல்ல வேண்டிய நாள். நான் சொல்லவில்லை. துணிக்கடை விதவையின் கதையைச் சொன்னேன். கப்பல் நிற்கிறது, நாளைக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது என்றேன். "நீங்கள் அந்த இடத்தில இருந்தா என்ன செய்வியள்? போவியளோ, நிப்பியளோ? விரும்பினதைச் சொல்லுங்கோ. பிழை எண்டு ஒண்டில்லை."

நாற்பத்திரண்டு தலையும் குனிந்தன.  ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில், என் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிற பிள்ளை கையை உயர்த்தினாள். சொல்லு, சொல்லு என்று தலையாட்டினேன்.

"மிஸ்," என்றாள், "இதையும் கொப்பியில எழுதிறதோ?"