விசாலாக்ஷி மடித்த படுக்கை

விசாலாக்ஷி வந்து சேர்ந்த மறுநாளே நாகலக்ஷ்மிக்கு அவள் மேல் எரிச்சல் வந்துவிட்டது. காரணம் படுக்கை.

பம்பாயில், மாதுங்காவில் மூன்றாவது மாடி, ஒன்றரை அறை. அதில் நாகலக்ஷ்மியும், கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவர் அனந்தகிருஷ்ணனும், இரண்டு பெண் குழந்தைகளும். நாற்பத்திரண்டில் மழை பிடிக்கிற சமயம், பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்களில் ஒருத்தியாக அனந்தகிருஷ்ணனின் அக்கா விசாலாக்ஷி வந்து இறங்கினாள். ரங்கூனில் கணவனோடு குடித்தனம் செய்தவள் தன்னந்தனியாக வந்து நின்றாள். கையில் ஒரு பை கூடக் கிடையாது. எலும்பும் கண்ணுமாக இருந்த அவளைப் பார்த்ததும் அனந்தகிருஷ்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அவள் அழவில்லை. "நாகு, குடிக்கத் தண்ணி தரயா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கென்று ஒரு ஜமக்காளமும் தலகாணியும் எடுத்துக் கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வருமுன்பே எழுந்து, அந்த ஜமக்காளத்தை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கமில்லாமல் கையால் நீவி மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள். உதறும் சத்தத்தில் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். நாகலக்ஷ்மி அப்படி வளர்ந்தவளில்லை. காலைச் சமையல், ஆபீஸ் டப்பா, தண்ணீர் பிடிப்பது எல்லாம் முடிந்து, காலில் தட்டுப்பட்டால்தான் படுக்கையைச் சுருட்டி மூலையில் தள்ளுவாள். நாத்தனார் தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்றே அவளுக்குப் பட்டது. ஆனால் விசாலாக்ஷி ஒருநாளும் மற்றவர்கள் படுக்கையைத் தொட்டதில்லை, அதைப்பற்றிப் பேசினதும் இல்லை.

சில வாரம் கழித்து விசாலாக்ஷிக்கு மலேரியா கண்டது. பல் கிட்டிப் போகிற மாதிரி குளிர். அன்றைக்கும் விடிந்ததும் எழுந்து, கை நடுங்க நடுங்க ஜமக்காளத்தை மடித்து வைத்துவிட்டு, வெறுந்தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாகலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உடம்பு அனலாக் கொதிக்கறது. ராத்திரி மறுபடியும் விரிக்கத்தானே போறோம்? இதை என்னத்துக்கு மடிக்கணும்?"

விசாலாக்ஷி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நாகலக்ஷ்மி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதையேதான் நான் அவர்கிட்ட தினமும் கேட்பேன்," என்றாள்.

ரங்கூனில் அவர்களுக்குத் தேக்குக் கட்டில், கொசுவலை எல்லாம் இருந்தது. படுக்கையைச் சரி செய்வது அவள் கணவர் சங்கரனின் வேலை. எழுந்ததும் விரிப்பை இழுத்துவிட்டு, போர்வையை மடித்து, தலகாணியைத் தட்டி வைத்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். இவள் கேலி செய்வாள். ஒருநாள் கூடத் தானாக ஒரு போர்வையை மடித்தவளில்லை.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. மாண்டலே வரை ரயில் கிடைத்தது. அதற்கப்புறம் கொஞ்சம் படகு, மிச்சமெல்லாம் கால்தான். மலை, காடு, சேறு. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். கொண்டுவந்த பாத்திரம், துணி எல்லாவற்றையும் வழியில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்கள். கடைசியில் இரண்டு பேருக்குமாக, விரிக்கவும் போர்த்தவும் மிஞ்சியது ஒரே ஒரு துப்பட்டி.

"காலம்பற எழுந்திருக்க முடியாது, நாகு. கால் வீங்கிக் கிடக்கும். இன்னிக்கு ஒருநாள் இங்கேயே கிடக்கலாம், நாளைக்கு நடக்கலாம்னு தோணும். அப்படிக் கிடந்தவா நிறைய பேர். நாங்க அவாளைத் தாண்டித்தான் வந்தோம். துணியை விரிச்சது விரிச்சபடி, அது மேல கிடப்பா. கண்ணு திறந்திருக்கும், நம்மைப் பார்ப்பா. எழுந்திருக்க மாட்டா."

நாகலக்ஷ்மி அடுப்பில் கொதித்த கஞ்சியை மறந்து நின்றாள்.

"அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவார். 'நடக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பார்த்துக்கலாம், விசாலம். முதல்ல இதை மடி.' நான் திட்டிண்டே மடிப்பேன். மடிச்சுட்டா அப்புறம் எங்கே படுக்கறது? சுத்தி ஒரே சேறு, அட்டை. நிக்கத்தானே வேணும்? நின்னுட்டா நடந்துடலாம்."

ஒருநாள் காலை சங்கரன் எழுந்திருக்கவில்லை. காலரா. அன்று அந்தத் துப்பட்டியை அவள் மடிக்கவில்லை. அவர் மேல் போர்த்திவிட்டு, நாலு முனையிலும் கல்லை வைத்துவிட்டு, அங்கேயே பக்கத்தில் படுத்துவிட்டாள். எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. பின்னால் வந்த கூட்டத்தில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருத்தி, மர்யம் என்று பேர், இவளைப் பார்த்துவிட்டு நின்றாள். தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அன்னிலேருந்து அவ துப்பட்டியிலதான் ரெண்டு பேரும் படுத்தோம். விடிஞ்சதும் ஆளுக்கொரு ஓரம் பிடிச்சு மடிப்போம். ஒருநாள் அவ மாட்டேன்னு கிடப்பா, நான் திட்டுவேன். ஒருநாள் நான் கிடப்பேன், அவ, 'ஏளா, எந்திரி, மடிக்கணும்'னு அதட்டுவா."

முஸ்லிம் பெண்ணின் துப்பட்டியில் படுத்தாளா என்று ஒரு கணம் நாகலக்ஷ்மியின் மனசு சுருங்கியது. முகத்தில் அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "அங்கே ஆசாரம் ஏது நாகு," என்று விசாலாக்ஷி சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாகலக்ஷ்மிக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. எதிரே சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்ன உருவத்தை, ஏதோ கோயில் வாசலில் நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்காக நாகலக்ஷ்மி மறுநாளே மாறிவிடவில்லை. அவள் படுக்கை எப்போதும் போல மூலையில்தான் சுருண்டது. எரிச்சல் மட்டும் போய்விட்டது. காலையில் ஜமக்காளம் உதறுகிற சத்தம் கேட்டால், இன்றைக்கும் எழுந்துவிட்டாள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

சுதந்திரம் வந்தது, கூடவே பிரிவினையும். சிந்துவிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாகப் பம்பாயில் வந்து இறங்கினார்கள். கல்யாண் பக்கம், பட்டாளத்தார் விட்டுப்போன கொட்டகைகளில் அவர்களைத் தங்கவைத்தார்கள். மாதுங்காப் பெண்கள் சிலர் துணிமணி, பால்பவுடர் சேர்த்து எடுத்துக்கொண்டு ரயிலில் போனபோது நாகலக்ஷ்மியும் விசாலாக்ஷியும் கூடப் போனார்கள்.

நீளக் கொட்டகை. கோணிப்படுதா கட்டிக் குடும்பம் குடும்பமாகத் தடுத்திருந்தார்கள். ஒரு தடுப்புக்குள் முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தி, ஒட்டுத்துணிகள் சேர்த்துத் தைத்த விரிப்பின் மேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் பேர் ஈஸ்வரி என்றும், வந்ததிலிருந்து எழுந்திருப்பதில்லை என்றும் மாமியார்க்காரி ஹிந்தியில் சொன்னாள். விசாலாக்ஷி அவளருகில் போய் உட்கார்ந்தாள். விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரும்மா, மடிக்கணும்," என்று தமிழில் சொன்னாள். ஈஸ்வரி முனையைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் விசாலாக்ஷி தனியாகக் கல்யாண் ரயில் ஏறினாள். அதற்கடுத்த நாளும்.

"அக்கா, பாஷை தெரியாது. அவளும் உன்னை விரட்டறா. தினம் போய் என்ன பண்ணறே?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"உட்கார்ந்துட்டு வரேன்."

"பிரயோஜனம் உண்டோ?"

"தெரியலையேடா. அவர் சொன்னப்போ எனக்கும்தான் தெரியலை."

மாசக்கணக்கில் போனாள். ஒருநாள் நாகலக்ஷ்மியும் துணைக்குப் போனாள். தடுப்புக்குள் நுழைந்தால் ஈஸ்வரி இல்லை. அவள் விரிப்பு மூலையில் கோணல்மாணலாக மடித்துக் கிடந்தது. விசாலாக்ஷிக்கு அந்தக் கோணல் பொறுக்குமா? குனிந்து பிரித்துச் சரியாக மடிக்கப் போனாள். வாளியோடு உள்ளே வந்த ஈஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, வாளியை நங்கென்று வைத்தாள். சிந்தியில் சரமாரியாகத் திட்டிக்கொண்டே விரிப்பை வாங்கி, மறுபடி தன் கோணலிலேயே மடித்து வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாமியார்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"திட்டறாடி, நாகு!" என்றாள் விசாலாக்ஷி. கண்ணில் நீர் தளும்பியது. "எப்படித் திட்டறா பார்!"

அந்த வருஷமே முகாமில் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கும் வேலை விசாலாக்ஷிக்குக் கிடைத்தது. போகப் போகச் சிந்தியில் சண்டை போடுகிற அளவுக்குப் பாஷை வந்துவிட்டது. அங்கேயே ஒரு தடுப்பில் தங்கிக்கொள்கிறேன் என்றாள். அனந்தகிருஷ்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நாகலக்ஷ்மிதான், "அக்காவை அவா இஷ்டத்துக்கு விடுங்கோ," என்றாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஈஸ்வரி திட்டின அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. தாணா ஸ்டேஷன் தாண்டுமுன்பே விசாலாக்ஷி ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எதிர்ப் பலகையில், நாகலக்ஷ்மிக்குப் பக்கத்தில் நீட்டியிருந்தாள். சின்னக் கால்கள். இரண்டு விரலில் நகமே இல்லை. குதிகாலில் மரப்பட்டை மாதிரி வெடிப்பு. அந்தக் கால்களா அத்தனை மலையைத் தாண்டின? யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நாகலக்ஷ்மி அவற்றை மெதுவாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.