குணமாகும் முன்பே இறக்கிய முடி

முருகனை நம்பிப் பிழைக்கிறவர்கள் படிக்கிற இடத்தில் என் மூக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் ரொம்ப நாள் சிரிக்காமல் இருந்தவன்.

என் பெயர் குருசாமி. நாகலாபுரம் பக்கம். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஒரே இடத்தில் இருந்து வேலை செய்ய எனக்கு வராது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், பிறகு லாரியில் கிளீனர், பிறகு ஆந்திராவில் முறுக்குச் சுடுகிற வேலை. கடைசியில் ஆட்டுக்கிடையில் போய்ச் சேர்ந்தேன். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ராத்திரி செம்மறிகளைப் படுக்கப் போடுவோம். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அந்தக் காடு முடிந்தால் அடுத்த காடு, அடுத்த ஊர். வீடு வாசல் இல்லாத எனக்கு அது ஒத்துப்போனது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பங்குனியில், ஓர் ஆட்டின் குளம்பில் ஏறியிருந்த முள்ளை எடுக்கக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற கிடா ஓடிவந்து முகத்தில் முட்டிவிட்டது. எலும்பு முறிந்து, மூக்கின் நடுத்தண்டு கோணிவிட்டது. சித்திரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. மூக்குக்குள் பொருக்குக் கட்டும், எடுத்தால் ரத்தம் வரும். நடுப்பாகம் மிதிபட்ட தகர டப்பா மாதிரி உள்ளே அமுங்கியது. இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. யார் தப்பு என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் மூக்கு நிமிரவா போகிறது?

முகம் போனதுகூடப் பெரிதில்லை. மூச்சு விடும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியாக விசில் சத்தம் வர ஆரம்பித்தது.

கிடை ஆடுகளை விடியற்காலம் எழுப்ப நாங்கள் விசில்தான் அடிப்போம். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்க அவை பழகியிருக்கின்றன. இப்போது நான் அயர்ந்து தூங்கினால் போதும், மூக்கு விசிலடிக்கும். பக்கத்தில் படுத்திருக்கிற ஆடு எழுந்துவிடும். அதைப் பார்த்து அடுத்தது எழும். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கிடையும் எழுந்து ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். காடு முழுக்க விழ வேண்டிய உரம் ஒரே இடத்தில் விழும். ஆடுகளும் மெலிந்துபோயின.

கிடைக்குப் பெரியவர் சீனி அண்ணாச்சி. முதலில் அவர் கேலிதான் பேசினார். “ஏலே, நீ தூங்குதியா, ரயில் ஓட்டுதியா?” வாயைத் திறந்து மூச்சு விட்டுப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு அடைத்துப் பார்த்தேன். தூரத்து வரப்பில் போய்ப் படுத்தேன். காற்று என் பக்கம் இருந்து அடித்தால் அங்கிருந்தும் கேட்டது.

ஆவணியில் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒம் மேல கோவம் ஒண்ணும் இல்லடே. ஆடு எத்தன நாளைக்குத்தான் படுக்காம நிக்கும்? காட்டுக்காரவிய வேற ஏசுதாவ. நீ மூக்க சரி பண்ணிட்டு வா. ஒன் கம்பு இங்கனயே கெடக்கும்.”

ஆடு ஓட்டுகிற கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். எத்தனையோ வேலைகளை நானாக விட்டிருக்கிறேன். ஒரு வேலை என்னை விட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கிடந்தேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சத்தம் கேட்டு எழுந்து தள்ளிப் போவார்கள். ஹோட்டலில் எனக்கு எதிரே யாரும் உட்காரவில்லை. மனிதர்களும் ஆடுகளும் ஒரே மாதிரி எழுந்து போனால் எங்கே போவது? உயிரோடு இருந்து என்ன என்று தோன்றிவிட்டது.

புரட்டாசியில் கழுகுமலைக்குப் போய் முருகன் முன்னால் நேர்ந்துகொண்டேன். மூக்கு சரியானால் தலைமுடி, தாடி, மீசை எல்லாம் உன் வாசலில் இறக்குகிறேன், அதுவரை கத்தி படாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினேன். அங்கே இருந்த டாக்டரம்மா, உள்ரணம் ஆறட்டும் என்று காக்க வைத்தார். விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மூக்கைத் தூக்கிக் கட்டி ஓட்டையை அடைக்கலாம், ஆனால் மறுபடி திறந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு என்று சொன்னார். கார்த்திகையில் பெட் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸம்மா வந்து தாடியை எடுக்கச் சொன்னார்.

“நேத்திக்கடன் இருக்கும்மா. எடுக்க முடியாது.”

“மயக்கம் குடுக்கிற மாஸ்க் தாடியில ஒட்டாதுப்பா. காத்து வெளிய போயிரும். ஒன் உசுருக்குத்தான் சொல்லுதேன்.”

முருகன் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. மூக்கு மட்டும் விசிலடித்துக்கொண்டே வந்தது.

என் அக்கா முத்துமாரி நாகலாபுரத்தில் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டுகிறாள். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிவாளைக் கீழே போட்டாள்.

“ஏன்டே, ஒன் தாடி இல்லாம முருகனுக்குப் பொழுது போகலயா? நீ தந்தா நான் தாரேன்னு சந்தையில பேசுத மாதிரி சாமிகிட்ட பேசிட்டு வந்திருக்க. இதுல ஆஸ்பத்திரிய விட்டு வேற ஓடி வந்துட்டான்!”

“அப்ப நேத்திய மீறச் சொல்லுதியா?”

“மீறாத. முன்னாலயே போய்க் குடுத்துரு. குடுத்துட்டு அவருகிட்ட கேளு. அதுக்கும் தரலன்னா என்ட்ட வந்து அழு.”

ஊரில் எல்லாரும் காரியம் நடந்த பிறகுதான் முடி இறக்குவார்கள். நடக்கும் முன்னால் இறக்கிவிட்டு, நடக்காமல் போனால்? அந்தப் பயத்தோடேயே ஒரு மாசம் திரிந்தேன். அந்த மாசம் மூக்கில் ரத்தம் அதிகமாகிவிட்டது.

தையில் கழுகுமலைக்குப் போனேன். முடி எடுக்கிறவர் தலையை நனைத்துக்கொண்டே கேட்டார். “என்ன வேண்டுதல் நெறவேறுச்சு அண்ணாச்சி?”

“இன்னும் நெறவேறல.”

அவர் கை நின்றது. “அப்பம் எதுக்கு எடுக்கிய?”

“நெறவேறும்னுதான்.”

அவர் கத்தியை எடுத்தார். மொட்டையில் சந்தனம் தடவிக்கொண்டு உள்ளே போனேன். என் மூக்குச் சத்தம் கேட்டு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தடவையாக நான் வெட்கப்படவில்லை. “என்னுடையதைக் கொடுத்துவிட்டேன் முருகா. எனக்கு அழகான முகம் வேண்டாம். ஆடு படுக்க வேண்டும், அவ்வளவுதான்” என்று வேண்டினேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஓடிப்போனவனை மறுபடி சேர்ப்பார்களா என்ற பயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸம்மாதான் இருந்தார். “தாடிய எடுக்கச் சொன்னா மொட்டையே போட்டுட்டு வந்திருக்கானே!” என்று சிரித்துவிட்டார். பல மாசம் காத்திருக்க வேண்டிய இடத்தில் அன்றைக்கே பெட் கிடைத்தது. யாருக்கோ காய்ச்சல் என்று அவருடைய ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். முருகன் திறந்த வழி அது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். முகம் தெரியாத அந்த மனிதர் குணமாக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கை விட விலாதான் வலித்தது. தும்மல் வந்தால் உயிர் போய்விடும் போலிருந்தது. மாசியில் மூக்குக்குள் வைத்திருந்த தகடுகளை எடுத்துவிட்டு டாக்டரம்மா மூச்சு விடச் சொன்னார். விட்டேன். சத்தம் இல்லை. இன்னொரு தடவை விட்டேன். இல்லை. என் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, “அழக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது” என்றார். அன்றைக்கு எனக்கு அழக்கூட அனுமதி இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மூக்கு இன்னும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மூக்கு கெட்டபோது போன வாசனை திரும்பவில்லை. முதல் மழை விழுந்த கரிசல் மண்ணில் நின்றாலும் எனக்கு ஒன்றும் மணப்பதில்லை. அது வராது என்றுதான் சொல்கிறார்கள். நானும் அதை வேண்டிக் கேட்டிருக்கவில்லை.

உங்களில் யாராவது, நடந்தால் செய்கிறேன் என்று நேர்ந்துவிட்டுக் காத்திருக்கலாம். முன்னாலேயே செய்துவிடுங்கள். நடக்குமா நடக்காதா என்ற பயத்தோடேயே போங்கள், நானும் அப்படித்தான் போனேன். டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். அந்த வழியாகவும் முருகன்தான் வருகிறார். இப்போது நான் எதையும் ‘தந்தால் தருகிறேன்’ என்று கேட்பதில்லை.

வைகாசியில் கிடை பாஞ்சாலங்குறிச்சி பக்கம் கிடந்தது. தேடிக்கொண்டு போனேன். என் கம்பு சீனி அண்ணாச்சியின் கம்பளியோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் என் மூக்கை உற்றுப் பார்த்தார்.

“மொகத்த எவன் பாத்தான். படுலே, பாப்போம்.”

பொழுது சாய்ந்து ஆடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அவற்றின் நடுவே துண்டை விரித்துப் படுத்து, முருகா என்று சொல்லிக் கண்ணை மூடி நன்றாக மூச்சை விட்டேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் கிடந்த காது மூளியான கிழட்டு ஆடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு படுத்தபடியே அசைபோட ஆரம்பித்தது.