எலாதியோவின் பங்காளி

எலாதியோவுக்கு வலது கையில் மூன்றே விரல். மீதி இரண்டும் பார்பாத்தே ஊருக்கு நேரே, கடலுக்கு அடியில் கிடக்கின்றன. இருபது வருஷத்துக்கு முன் அவர் தூண்டிலில் மாட்டிய சூரை மீனை ஒரு ஓர்க்கா திமிங்கலம் கவ்வி இழுத்தது. இவரும் விடவில்லை, அதுவும் விடவில்லை. கயிறு இவர் விரலை அறுத்தது, அதன் முதுகுத் துடுப்பையும் அறுத்தது. மேலே வந்தது சூரையின் தலை மட்டும்.

அன்றிலிருந்து அந்தப் பெண் ஓர்க்காவைப் பங்காளி என்றுதான் சொல்வார். பத்து வருஷம் வாய் ஓயாமல் திட்டினார். ஓர்க்காக் கூட்டம் நாற்பதுக்குள் சுருங்கிய பிறகு, அந்தக் கிழிந்த துடுப்பைக் காணாத நாளில் அவருக்கு ரொட்டி இறங்காது.

பாய்ப்படகுகளின் சுக்கானை ஓர்க்காக்கள் விளையாட்டுக்கு ஒடிக்க ஆரம்பித்த காலம் அது. படகுக்காரர்கள் சிலர் பதிலுக்கு வெடி வீசினார்கள். எலாதியோ தன் படகை விற்றுவிட்டு, பைனாகுலரும் வயர்லெஸ்ஸுமாகக் குன்றின் மேல் போய் உட்கார்ந்தார். ஓர்க்காக்கள் எங்கே நிற்கின்றன என்று அவர் சொன்னால் படகுகள் விலகிப் போகும். கூட்டத்தில் பால்குடிக்கும் குட்டி இருந்தால் மட்டும், வெடிக்குப் பயந்து, இடத்தைச் சொல்லமாட்டார். "எல்லாரும் கரையோரமாப் போங்க." அதோடு சரி. அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

சுக்கான் இரண்டு தடவை ஒடிந்தவன் நிக்காசியோ. மதுக்கடையில் அவரைக் கண்டால் விடமாட்டான்.

"என்ன பெரியவரே, உங்க பங்காளிக்கு என் சுக்கான் செரிச்சுதா?"

"அது இரும்பா இருந்தா செரிச்சிருக்கும். உன்னை மாதிரி மட்டமான சரக்கு, அவளுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு."

கடையே சிரித்தது. நிக்காசியோ மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, குன்றில் இருந்தவருக்கு மகள் அம்பாரோவின் போன் வந்தது. "அப்பா, பொண்ணு பொறந்திருக்கா! உங்க மூக்கு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பைனாகுலரை எடுத்தார். கிழிந்த துடுப்பு. அதன் பக்கத்தில் மஞ்சள் பூசினாற்போல், பிறந்த நிறம் மாறாத ஒரு குட்டி. மூன்று விரலும் வயர்லெஸ்ஸை அழுத்தின.

"டேய், எல்லாரும் கேளுங்கடா! நான் தாத்தா ஆயிட்டேன்! என் பங்காளியும் பெத்துட்டா! முனைக்கு நேரா ரெண்டு மைல்ல, தாயும் பிள்ளையும்!"

வயர்லெஸ்ஸில் விசில், கூச்சல். பிறகு நிக்காசியோவின் குரல். "வாழ்த்துகள் பெரியவரே. ரெண்டு மைலா?"

"ஆமாடா! தூரத்துல நின்னு பாத்துட்டுப் போ!"

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைப் பாய் முனைப்பக்கம் திரும்பியது. இடத்தைச் சொல்லிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நிக்காசியோ, திரும்புடா! டேய், உன் காலைப் பிடிக்கிறேன்டா!"

பாய் திரும்பவில்லை. தண்ணீர் மூன்று தடவை எழும்பி விழுந்தது. வெடிச் சத்தம் தாமதமாக வந்தது.

கடலோரக் காவலர்கள் வயர்லெஸ் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அதில் இருந்தது எலாதியோவின் குரல். "குட்டியைப் பாக்கத்தான் போனேன். வழி சொன்னதே அவருதான்," என்றான் நிக்காசியோ. வெடி போட்டதற்குச் சாட்சி, இரண்டு மைல் தள்ளியிருந்த ஒரு கிழவர். அவனை விட்டுவிட்டார்கள்.

பங்காளி செத்த குட்டியை மூக்கால் முட்டி முட்டித் தூக்கிக்கொண்டு திரிந்தாள். ஒரு நாள், இரண்டு நாள். அம்பாரோ போனில் அழுதாள். "பேத்தியைப் பாக்க வரமாட்டீங்களாப்பா?"

"வர்றேம்மா. அவ குட்டியைக் கீழ விடட்டும்."

"ஓர்க்கா எங்கே நிக்குது, பெரியவரே?" என்று படகுகள் கேட்டன.

"எல்லாரும் கரையோரமாப் போங்க," என்றார்.